பானெட் மட்டும் வழவழப்பாக இருப்பது பற்றி

கேத்தி,
செவ்வாய்க்கிழமை மதியம்.

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு,

பார்சலைப் பிரித்தபோது கூட இருந்தவர்கள்: நான், உங்கள் அம்மா, பார்சலைக் கொண்டுவந்த நெல்சன் தம்பி, பக்கத்து வீட்டு சுகுணா. சுகுணா பார்சலைப் பார்க்க வரவில்லை, வாங்கிப்போன கரண்டியைத் திருப்பித் தரத்தான் வந்தாள், கரண்டியைக் கொண்டுவர மறந்துவிட்டாள், அவ்வளவுதான். வேறு ஒருவரும் இல்லை. நீங்கள் போனில் "யார் யார் முன்னாடி பிரிச்சே?" என்று அதட்டிக் கேட்டீர்களே, அதனால் இதை முதலில் எழுதிவிட்டேன். இனி முறைப்படி எழுதுகிறேன்.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அத்தையும் சுகம். உறைபனி ஆரம்பித்துவிட்டது, காலையில் பள்ளத்துக் கேரட் தோட்டமெல்லாம் கோலமாவு கொட்டியது போலக் கிடக்கிறது. உங்கள் நெஞ்சுச் சளி குறைந்ததா, அறையில் அந்த ஏசிக்குக் கீழே படுப்பதை விட்டீர்களா என்று அத்தை கேட்கச் சொன்னார்கள். நானும் கேட்கிறேன். கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போயிற்று. உங்களுக்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது, அதற்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொன்னோம்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் மழையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கேட்கிறது, உங்கள் சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொன்னால் கேட்கிறது, சுகுணா வீட்டு ஆடு குட்டி போட்டதுகூடத் தெளிவாகக் கேட்டு எத்தனை குட்டி என்று விசாரித்தீர்கள். "மார்ச்சோட காண்ட்ராக்ட் முடியுதே, மறுபடி கையெழுத்துப் போடப் போறீங்களா?" என்று நான் வாயெடுத்தால் மட்டும் தோஹா பூராவும் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தக் கோளாறு கிடையாது. வியாழக்கிழமை திரும்பிப் போகும் நெல்சன் தம்பி இதை உங்கள் கையிலேயே கொடுப்பார். நீங்கள் படிக்கும்வரை எதிரிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

அதிலும் காரை விற்றுவிடலாம் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சும்மா நிற்கிற கார் வீணாகும் என்கிறீர்கள், சரி. ஆனால் போன தடவை லீவில் வந்து அதை வாங்கியபோது என்ன சொன்னீர்கள்? அடுத்த தடவை ஒரேயடியாக வந்துவிடுவேன், குன்னூர் ரோட்டில் ஒரு கார் கழுவும் கடை போடுவோம், இந்தக் காரை வாசலில் நிறுத்தினால் அதுதான் போர்டு என்றீர்கள். திரும்பி வர நினைக்கிற மனிதர் கடையின் போர்டை முதலிலேயே விற்பாரா என்று வீட்டுக் கணக்குப் பார்க்கிற எனக்குத் தோன்றுமா, தோன்றாதா. அது இருக்கட்டும். கார் ஏன் விற்கவில்லை என்பதற்கு விளக்கம் கேட்டீர்கள், அதை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

பார்சலில் பேரீச்சம்பழம், எனக்குப் பூப்போட்ட சால்வை, ஒரு பாட்டில் தைலம், எல்லாவற்றுக்கும் அடியில் அரபு எழுத்துப் பேப்பரில் சுற்றி, அதற்குள் உங்கள் பழைய பனியன் துணியில் சுற்றி, சோப்புக் கட்டி அளவில் மண் நிறத்தில் ஒரு உருண்டை. பெயர் எழுதிய டப்பாவை எடை குறையட்டும் என்று அங்கேயே எறிந்துவிட்டீர்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? நம் காரின் வெள்ளைப் பெயிண்டில் அம்மை போட்டதுபோல் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்ததை நான் போட்டோ எடுத்து அனுப்பியபோது, அது துரு இல்லை, மேலே ஸ்டேஷனில் ரயில் பிரேக் பிடிக்கும்போது பறக்கிற இரும்புத் தூள் பெயிண்டில் குத்தி நிற்கிறது, தண்ணீரில் போகாது, மருந்து அனுப்புகிறேன் என்றீர்கள். மருந்து என்றால் பாட்டில்தானே. அதனால் தைலத்தைக் காருக்கு என்று எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டேன். அது அத்தையின் முட்டிக்கு என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதி ஒட்டியிருக்கலாம். (இத்தனை வருஷமாக ஜன்னலில் நின்று பார்த்து, இதில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ரயில், நம் கார்மேல் இரும்பைத் தூவிக்கொண்டிருந்திருக்கிறது.)

அந்த உருண்டை விஷயத்தில் பாதித் தப்பு உங்களுடையது. நம் சபையிலிருந்து எருசலேம் பயணம் போனவர்கள் சின்னச் சின்னச் சிமிழில் மண் கொண்டுவந்து கொடுத்ததும், அத்தைக்கு வருவதற்குள் சிமிழ் தீர்ந்துபோனதும், அத்தை இரண்டு வாரம் யாரோடும் பேசாமல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். "அழாதம்மா, நான் இங்கிருந்து அனுப்பறேன், இங்கிருந்து பக்கம்தான்" என்று போனில் சமாதானம் சொன்னது நீங்கள். அத்தை உருண்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் நெல்சன் தம்பியிடம், "இது என்னங்க தம்பி?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலீங்க. ஆண்ட்ரூ அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. என்ன ஆனாலும் இது தரையில விழக்கூடாது, விழுந்துட்டா அப்புறம் பிரயோஜனம் இல்லைன்னாரு."

அவ்வளவுதான். அத்தை முக்காடு போட்டுக்கொண்டார்கள். தரையில் விழக்கூடாத மண் உலகத்தில் வேறு எது? சுகுணா மட்டும் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, சைக்கிள் டியூப் வாசம் அடிக்குதுங்களே" என்றாள். அத்தை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்த ஊர்ல வெயில் ஜாஸ்தி. மண்ணு வெந்து அப்படித்தான் அடிக்கும்" என்றார்கள். அன்று சாயங்காலமே கொஞ்சம் கிள்ளி முட்டியில் தேய்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் எழுந்து, வலி போய்விட்டது என்று சொல்லி, கைத்தடி இல்லாமல் கொல்லைவரை நடந்து காட்டினார்கள். அப்புறம் கேட்கவேண்டுமா? புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் வலி இருக்கிற இடத்தைச் சொல்லிக் கிள்ளு கிள்ளாக வாங்கிப்போனார்கள். ஒருத்தர் இடுப்புக்கு, ஒருத்தர் தோளுக்கு, ஒருத்தர் வெளியூரிலிருக்கும் மருமகனுடைய குடிப்பழக்கத்துக்கு. கணக்கு வைக்கும் பழக்கத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்று குறித்துத்தான் கொடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது.

சனிக்கிழமை மதியம் நீங்கள் போனில் வந்து, "ஏம்புள்ள, கிளே வந்துதா, அதான் வண்டி தேய்க்கற களிமண்ணு? திங்கக்கிழமை மனோகரன் வண்டி பாக்க வர்றாரு, அதுக்குள்ள தேய்ச்சு வை" என்றபோதுதான் அந்த உருண்டை எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, தேய்த்த முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எப்படிச் சொல்வேன்? "எல்லாம் பத்திரமா இருக்குங்க" என்றேன். அது பொய் இல்லை, ஒவ்வொரு கிள்ளும் ஒவ்வொரு வீட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது. பிறகு அத்தையிடம் போய், "மிச்சம் இருக்கிறதைக் கொஞ்சம் கார்மேலயும் தேய்ச்சு ஜெபம் பண்ணலாங்களா அத்தை? நல்ல ஆளு கையில போகட்டும்" என்று கேட்டேன். மிச்சத்தை என் கையில் வைத்து, "தேய்ச்சுக்க" என்றார்கள். ஒரு நாற்காலியைப் போடச்சொல்லி, வேலை முடியும்வரை காருக்காக ஜெபித்தார்கள்.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். முதலில் காரைக் கழுவினேன். கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு தடவினால்தான் சொரசொரப்பு தெரியும் என்றீர்கள். நீலகிரியில் இருந்து போய் இத்தனை வருஷம் ஆனதில், இங்கே பிளாஸ்டிக்குத் தடை, கவர் கிடைக்காது என்பதையே மறந்துவிட்டீர்கள். எந்தக் கடையில் கேட்டாலும் கஞ்சா கேட்டதுபோல் பார்த்தார்கள். கடைசியில் சுகுணா, கோயம்புத்தூரில் தன் தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுத்தபோது கொடுத்த கவரைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துவந்தாள். "செக்போஸ்ட்ல ரவிக்கைக்குள்ள மடிச்சு வெச்சுத் தாண்டினதுங்கக்கா. கிழிச்சுறாதீங்க" என்றாள். கவருக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவினேன். தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பளபளவென்று இருக்கிற பெயிண்ட், தொட்டால் ரவை கொட்டிவைத்தது போல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூளெல்லாம் கைக்குத் தெரிகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் உருண்டை. அது உங்கள் ஊர் வெயிலில் வெண்ணெய் போல இருக்குமாம். இங்கே அலமாரியில் இருந்து ஆட்டுக்கல் குழவி மாதிரி ஆகிவிட்டது. சுகுணா, "இதுக்குப் போயி கடல் தாண்டி மண்ணு அனுப்போணுமாங்கக்கா? நம்ம மலையில மண்ணா இல்லை? நாங்க கேரட் கழுவற பிரஷ்ஷைக் கொண்டாறேன், ஒரே தேய்ப்பு" என்று கிளம்பிவிட்டாள். அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். மண்ணை வெந்நீரில் போட்டு, எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து சப்பாத்தி போலத் தட்டினேன். அப்போதுதான் நீங்கள் வீடியோவில் வந்து செய்துகாட்டினீர்கள், நினைவிருக்கிறதா? யாருடையதோ ஒரு கருப்புக் காரை முன்னால் நிறுத்தி, போனை எங்கேயோ சாத்திவைத்து, சோப்புத் தண்ணீர் அடித்து, மண்ணை அதன்மேல் அழுத்தாமல் போகவிட்டு, வட்டம் போடாமல் நேராக, போய் வந்து, போய் வந்து. முகம் தெரியவில்லை. உங்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் முட்டியெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. கட்டைவிரலில் புதிதாக ஒரு தழும்பு இருந்தது, அதைப் பற்றி நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். "இன்னொரு வாட்டி காட்டுங்க" என்றேன். மறுபடி காட்டினீர்கள். "இன்னும் புரியலைங்க" என்றேன். முதல் தடவையே புரிந்துவிட்டது.

நீங்கள் போனை வைத்த பிறகு அதே மாதிரி செய்தேன். சோப்புத் தண்ணீர், அதன்மேல் மண், போய் வந்து. முதலில் கரகரவென்று சத்தம் வருகிறது. மண் தடுக்கித் தடுக்கிப் போகிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைகிறது, அப்புறம் இல்லவே இல்லை, கை தானாக வழுக்கிக்கொண்டு போகிறது. மண்ணைத் திருப்பிப் பார்த்தால் செம்மண் நிறத்தில் அழுக்கு. மடித்துப் பிசைந்து மறுபடி. இந்தச் சத்தம் நிற்பதைக் கேட்டுக்கொண்டுதான் அங்கே உங்கள் பகல் எல்லாம் போகிறது என்று நினைத்தேன். முன்பின் தெரியாத மனிதர்களுடைய காரை இவ்வளவு மெதுவாகத் தடவுகிற மனிதர், இங்கே இருந்த நாளில் ஒரு கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினதில்லை. பிக்கட்டியில் ஒரு கல்யாணத்துக்கு இந்தக் காரில் போனபோது, மஞ்சூருக்கு இந்தப் பக்கம் மேகம் இறங்கி ரோடு தெரியாமல் நிறுத்திவிட்டு, கலைகிறவரை இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோமே. அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகக் கலைந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பானெட் முடிந்து, கதவுக்குத் திரும்பும்போது பனிமஞ்சு இறங்கிவிட்டது. கை விறைத்து மண் நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தால் தூக்கி எறிந்துவிடு, அதில் ஒட்டின மணல் பெயிண்டைக் கீறிவிடும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் அதை எறிவதற்குள் அத்தை நாற்காலியை விட்டு எழுந்து, கைத்தடி இல்லாமல் நடந்துவந்து, குனிந்து எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, கண்ணில் ஒற்றி என் கையில் கொடுத்தார்கள். எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சரளைக் கல்லே இருக்கிறது. இதைத் தேய்த்தால் கார் போகும், எறிந்தால் அத்தை மனசு போகும். "போதும் அத்தை, பானெட்டுக்குப் பண்ணின ஜெபமே முழு வண்டிக்கும் ஆச்சு" என்று சொல்லி, வாங்கி ஜெப அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்படித்தான் பானெட் மட்டும் வழவழப்பானது. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காய்கறி மண்டி மனோகரன் வந்தார். அவர் கவர் எல்லாம் மாட்டவில்லை, உருளைக்கிழங்கு பார்க்கிற மாதிரி வெறும் கையால் பானெட்டைத் தடவினார், கதவைத் தடவினார், மறுபடி பானெட்டுக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, முன்னாடி எதுல கொண்டுபோய் இடிச்சீங்க?"

"எதுலயும் இடிக்கலைங்களே."

"பானெட் மாத்தியிருக்கீங்க. இது புதுசு, மத்ததெல்லாம் பழசு. கைக்கே தெரியுது. கண்ணு தெரியாதவன் தொட்டாக்கூடச் சொல்லிப்புடுவான்."

"அது தேய்ச்சதுங்க. மண்ணு வெச்சுத் தேய்ச்சேன்."

"மண்ணு வெச்சா?" அவர் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அத்தை நாற்காலியில் இருந்தபடியே, "ஜெபிச்ச மண்ணுங்க" என்றார்கள். சுகுணா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஆமாங்கண்ணா, நானும் பாத்தேன். சப்பாத்தி மாதிரி தட்டித் தேய்ச்சாங்க. என் கவரு வேற இதுல மாட்டிக்கிச்சு" என்று சாட்சி சொன்னாள். இந்தச் சாட்சிக்குப் பிறகு எந்த மனிதர் கார் வாங்குவார்? இடித்த வண்டிக்கு உண்டான விலைதான் தரமுடியும் என்றார். நாங்கள் இடிக்கவே இல்லை என்றேன். பொம்பளைங்க சொல்றதை நம்பறேன், பானெட் சொல்றதை எங்கே வைப்பது என்றார். யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நானும் அத்தையும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். மனது கேட்காமல், அது எருசலேம் மண் இல்லை, காருக்கான சாமான் என்று சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அத்தை தலையைத் தூக்காமலே, "அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்கள்.

"எப்படித் தெரியும் அத்தை?"

"எருசலேம் மண்ணை எவனாச்சும் பழைய பனியன்ல சுத்துவானா? உம் புருசனுக்கு அந்த அளவுக்காவது நான் புத்தி சொல்லித்தான் வளத்திருக்கேன்."

"அப்புறம் ஏன் முட்டியில தேய்ச்சீங்க? வலி போச்சுன்னு வேற சொன்னீங்க."

"போச்சுன்னு சொன்னாத்தான் அதை எங்கிட்டயே விடுவீங்க." ஒரு பட்டாணியை உரித்துக் கிண்ணத்தில் போட்டார்கள். "அவன் அமுக்கிப் பாத்துட்டு அனுப்பியிருக்கான். கட்டை வெரலு பதிஞ்சிருந்துச்சு, ரேகையெல்லாம் தெரிஞ்சுது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரையும் கிள்ள விடலை. நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. வெந்நீரில் போட்டுப் பிசைந்துவிட்டேன். அத்தை என்னைத் திட்டவில்லை. "நீயும் தேய்ச்சுட்டுப் போன்னுதான் விட்டேன். உனக்கும்தான அவன்" என்றார்கள். முட்டி வலி முன்னைவிட அதிகமாக இருக்கிறதாம். தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் எங்களுக்காகத்தான் அங்கே கஷ்டப்படுகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். காண்ட்ராக்ட் விஷயத்தில் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள், நான் வற்புறுத்தவில்லை. காரையும் இடித்த வண்டி விலைக்கே கொடுத்துவிடலாம், நிற்கிற வண்டி வீண்தான். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், பழகிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வேலை முடிந்ததும் கையை வெந்நீரில் வைத்துத் துடைத்து எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்துக்கொள்ளும்படி இரண்டு வேளையும் கேட்கிறோம், அதில் வரத்தைத்தான் அதிகமாகக் கேட்கிறோம். அத்தை தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார்கள். சுகுணா தன் கவருக்குப் பதில் கவர் வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் கெஸியா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மனோகரன் மறுபடி வந்துவிட்டார். குன்னூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டாராம். அது மாற்றிய பானெட் இல்லை, அந்த மாதிரி மண் உண்மையிலேயே இருக்கிறது, தேய்த்தால் அப்படித்தான் ஆகும் என்று அவர் சொன்னாராம். நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், சாவியைக் கொடுங்கம்மா என்றார். விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களையும் கேட்கவில்லை, அத்தையையும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் சொன்னாரே என்றார். வீட்டுக்காரர் வந்து நேரில் சொல்லட்டும் என்றேன். ஆகையால் மேலே உங்கள் இஷ்டம் என்றும், வற்புறுத்தவில்லை என்றும், பழகிவிட்டது என்றும் எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். பழகவில்லை. மார்ச்சில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள். வருகிறீர்களா இல்லையா என்று எழுதி, சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.